அப்பாவோட டி700-ஐ வித்துட்டு சின்ன கேமரா வாங்கலாமா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் பொள்ளாச்சி பக்கமிருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவங்க அப்பா ஊர்ல ஸ்டூடியோ வெச்சிருந்தவர். முட்டி வலியால கல்யாண ஆர்டர் எடுக்கறதை விட்டுட்டார், கடையையும் காலி பண்ணியாச்சு. அவரோட நிக்கான் டி700 இப்ப பீரோவுக்குள்ள கிடக்குது. கூட 50 எம்எம், 85 எம்எம்னு எஃப் 1.8 லென்ஸ் ரெண்டு. தம்பி கேட்டது இதுதான்: “அண்ணா, இதை வித்துட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு சோனி ஆர்எக்ஸ்100 வாங்கலாம்னு இருக்கேன். பாக்கெட்ல போட்டுக்கலாம், 20 மெகாபிக்சல், வீடியோவும் வரும். அப்பாவோடது 12 மெகாபிக்சல்தான். தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம், அதுக்குள்ள மாத்திடலாமா? அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை ஒரு முழு எபிசோடாவே பண்றேன். இந்த மாதிரி பழைய பெரிய கேமரா கொங்கு நாட்டுல நிறைய வீட்டு பீரோவுல தூங்குது. ஈரோடு, திருப்பூர், கோபி, உடுமலை, தாராபுரம்னு எந்த ஊரை எடுத்தாலும், ஃபிலிம்ல இருந்து டிஜிட்டலுக்கு மாறினப்ப கடன் வாங்கி பாடி வாங்கின ஸ்டூடியோக்காரங்க இருக்காங்க. அந்தக் கேமராவை இன்னிக்கு என்ன விலைக்கு மதிக்கறதுன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. இரும்புக் கணக்கா, நகைக் கணக்கா?

ரெண்டு கேமராவும் என்கிட்ட இருக்கு, ரெண்டையும் தொடர்ந்து பயன்படுத்தறேன். அதனால கைப்பழக்கத்துலயும் சொல்றேன், கணக்குலயும் சொல்றேன்.

முதல்ல ஆளுங்களை அறிமுகப்படுத்திடறேன். டி700, 2008 ஜூலையில வந்தது. அமெரிக்காவுல பாடி மட்டும் சுமார் 3,000 டாலர். அதுக்கு முந்தின வருஷம் நிக்கான் பத்திரிகைக்காரங்களுக்குன்னு விட்ட டி3-ல இருந்த அதே 12 மெகாபிக்சல் சென்சார், அதே 51 புள்ளி ஃபோகஸ். பாடி மட்டும் 995 கிராம். ஆர்எக்ஸ்100, 2012 ஜூன்ல வந்தது. விலை 650 டாலர். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்தே 240 கிராம். டி700-ல 50 எம்எம் லென்ஸும் பேட்டரியும் போட்டா ஒண்ணேகால் கிலோ தொடும். அதாவது ஒரு டி700-க்கு அஞ்சு ஆர்எக்ஸ்100.

ஒரு ஏக்கர் களமும் பதிமூணரை சென்ட்டும்

மெகாபிக்சலைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். கொப்பரை காயப்போடற களம் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்க. கேமராவுக்குள்ள இருக்கற சென்சார்தான் அந்தக் களம், மேல விழற வெயில்தான் வெளிச்சம். டி700-ஓட சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், மொத்தம் 864 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-ல 13.2-க்கு 8.8, அதாவது 116. வகுத்தா 7.4 மடங்கு வருது. டி700 ஒரு ஏக்கர் களம்னா, ஆர்எக்ஸ்100 பதிமூணரை சென்ட். சாதாரண பழைய பாக்கெட் கேமராவுல இருந்த சென்சார் இன்னும் சின்னது, அந்தக் கணக்குல மூணே கால் சென்ட்தான் தேறும்.

அப்ப மெகாபிக்சல்ங்கறது என்ன? அந்தக் களத்தை எத்தனை கட்டமாப் பிரிக்கறோம்ங்கறதுதான். சரவணம்பட்டி பக்கம் சைட் போடறவங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு ஏக்கரை 12 மில்லியனாப் பிரிச்சிருக்காங்க, பதிமூணரை சென்ட்டை 20 மில்லியனாப் பிரிச்சிருக்காங்க. டி700-ல ஒரு கட்டம் ஆர்எக்ஸ்100-ல ஒரு கட்டத்தைவிட 12 மடங்கு பெருசு. கட்டத்தோட எண்ணிக்கை கூடினா மொத்த வெயில் கூடிடாது.

பிரிண்டுக்கு 12 போதுமான்னு தம்பி கேட்கலாம். கல்யாண ஆல்பத்துல 12-க்கு 36 இன்ச் கரிஸ்மா ஷீட் இருக்கே, அதுல ஒரு பக்கம் 18 இன்ச் அகலம். டி700 படம் அகலத்துல 4,256 பிக்சல். ஒரு இன்ச்சுக்கு 236 விழுது. ஆல்பத்தை மடியில வெச்சுப் பார்க்கற தூரத்துக்கு அது தாராளம். அப்பா இத்தனை வருஷம் கொடுத்த ஆல்பமெல்லாம் இதுலதான் வந்திருக்கும், யாரும் திருப்பிக் கொண்டாந்திருக்க மாட்டாங்க. படத்துல பாதியை வெட்டி எடுத்து பெருசாக்கணும்னா மட்டும்தான் 20 மெகாபிக்சல் கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம், இது நிறைய பேர் விடற இடம். களம் பெருசா இருந்தா மட்டும் பத்தாது, மேல தென்னை நிழல் விழக்கூடாது. லென்ஸோட எஃப் நம்பர்தான் அந்த நிழல். எண் சின்னதா இருந்தா நிழல் இல்லை, எண் பெருசானா நிழல் அதிகம். ஆர்எக்ஸ்100-ல அகலமா எடுக்கறப்ப எஃப் 1.8, அதாவது சுத்தமான வெயில். ஆனா களம் சின்னது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, அது ஃபுல் ஃபிரேம் கேமராவுல எஃப் 4.9 வெச்ச மாதிரி. எப்படின்னா 1.8-ஐ 2.7-ஆல பெருக்கணும். சென்சாரோட அகலம் அத்தனை மடங்கு சின்னது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. யாராவது டி700 வாங்கிட்டு எஃப் 5.6 வரைக்கும் போற மலிவான சூம் லென்ஸை மாட்டினா, ஏக்கர் களத்துக்கு மேல முழுக்க தென்னந்தோப்பு நிழல். அந்த எஃப் 5.6-ல, எஃப் 1.8-ல அகலமா எடுக்கற பாக்கெட் கேமரா கிட்டத்தட்ட அதுக்குச் சமமா நிக்கும். பெரிய கேமரா பெரிய கேமரான்னு சொல்றவங்க லென்ஸைப் பத்தி வாயே திறக்கறதில்லை. நம்ம தம்பிக்கு அந்தக் கவலை இல்லை. அப்பா வெச்சிருக்கற ரெண்டும் எஃப் 1.8. பாடியைவிட அந்த ரெண்டு லென்ஸுக்குத்தான் நான் அவருக்குக் கும்பிடு போடுவேன்.

விடியக்காலை முகூர்த்தம்

நம்ம பக்கத்துக் கல்யாணத்துல வெளிச்சம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரியே சீர் ஆரம்பிச்சுடும். இணைச்சீர் நடக்கறப்ப அருமைக்காரர் சுத்தி சொந்தக்காரங்க நெருக்கி நிப்பாங்க, வெளிச்சம் மேல இருந்து மட்டும் வரும். முகூர்த்தம் விடியறதுக்கு முன்னாடி. மண்டபத்து மேடையில வீடியோக்காரர் லைட் இருந்தா தப்பிச்சோம். வீட்டு வாசல்ல, பந்தலுக்குள்ள நடக்கற சடங்குகளுக்கு அதுவும் இருக்காது.

அந்த மாதிரி இடத்துல எனக்கு வர்ற அளவு சுமாரா இதுதான்: ஷட்டர் 125-ல ஒரு பங்கு செகண்ட், எஃப் 2, ஐஎஸ்ஓ 1600. டி700-ல 85 எம்எம் போட்டு பொண்ணு முகத்தை மட்டும் எடுக்கறேன்னா, 1600-ங்கறது அதுக்குத் தூக்கத்துல பண்ற வேலை. 3200 வரைக்கும் யோசிக்காமப் போகலாம். இருட்டுல கொஞ்சம் பொடிப்பொடியா மணல் தெரியும், ஆனா அது ஃபிலிம் மணல் மாதிரி ஒரே சீரா இருக்கும், அசிங்கமா இருக்காது.

அதே முகத்தை அதே நெருக்கத்துல ஆர்எக்ஸ்100-ல எடுக்கணும்னா முழுசா சூம் பண்ணணும். முழு சூம்ல அந்த லென்ஸ் எஃப் 4.9-க்கு வந்துடும். ஷட்டரைக் குறைச்சா கை ஆடும், பொண்ணும் அசையும். அதனால ஐஎஸ்ஓ-வை ஏத்தணும். கணக்குப் போட்டா 9600 வருது. அந்தக் கேமராவோட ஐஎஸ்ஓ 6400-லயே முடிஞ்சு போகுது. சரி, கிட்டக்கப் போய் சூம் பண்ணாம எஃப் 1.8-ல எடுக்கலாமே? எடுக்கலாம். 1300 ஐஎஸ்ஓ-வுல வேலை முடியும். ஆனா முகத்துக்கு ஒரு முழம் தூரத்துல போய் நிக்கணும், அகல லென்ஸுல மூக்கு பெருசாயிடும். அருமைக்காரர் சும்மா விடுவாரா?

இதை என் கண்ணை மட்டும் நம்பிச் சொல்லலை. டிஎக்ஸ்ஓமார்க்னு பிரான்ஸ்ல ஒரு ஆய்வகம் சென்சாரையெல்லாம் அளந்து வெளியிடுவாங்க. குறைஞ்ச வெளிச்சத்துல எந்த ஐஎஸ்ஓ வரைக்கும் தரம் தாங்குதுன்னு ஒரு எண் கொடுப்பாங்க. டி700-க்கு கிட்டத்தட்ட 2,300. ஆர்எக்ஸ்100-க்கு 390. சுமார் 5.9 மடங்கு. களத்தோட கணக்குப்படி 7.4 மடங்கு இருந்திருக்கணும். நாலு வருஷம் பிந்தி வந்த சென்சார்ங்கறதால சின்ன நிலத்துல விளைச்சல் கொஞ்சம் கூடியிருக்கு. ஆனா நாலு வருஷ விஞ்ஞானம் சேர்ந்தும் அந்த ஏழு மடங்குல இருந்து ஒண்ணரையைத்தான் கழிக்க முடிஞ்சிருக்கு. பழசு புதுசுங்கறதைவிட பரப்புங்கறது எவ்வளவு பிடிவாதமான விஷயம்னு இதுல தெரியும்.

வெயில் ஏறினதுக்கப்புறம்

அதே ஆய்வகத்தோட இன்னொரு எண்ணைப் பாருங்க. நல்ல வெளிச்சத்துல, குறைஞ்ச ஐஎஸ்ஓ-வுல, ரொம்ப இருட்டுக்கும் ரொம்ப வெளிச்சத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரத்தை ஒரே படத்துல பிடிக்கும்ங்கறது. டி700-க்கு 12.2 ஸ்டாப், ஆர்எக்ஸ்100-க்கு 12.4. பெருசைவிட சின்னது ஒரு துளி முன்னால. பேரூர் கோயில் வாசல்ல காலை பத்து மணிக்கு நின்னு ரெண்டுலயும் ராவா எடுத்து கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கோபுரத்து நிழல்ல இருக்கற சுதையும் தெரியும், வானத்து மேகமும் நிக்கும், எது எதுன்னு சொல்றதுக்குத் திணறுவீங்க. ஆர்எக்ஸ்100-ல நுணுக்கம் கூடவே தெரியும், பிக்சல் அதிகம்ல. பகல் வெளிச்சத்துல, அசையாத விஷயத்தை எடுக்கறவங்களுக்கு 3,000 டாலர் கேமராவுக்கும் 650 டாலர் கேமராவுக்கும் படத்துல வித்தியாசம் இல்லைன்னே சொல்லிடலாம்.

கல்வெட்டு, நடுகல் எடுக்கறவங்க நம்ம பக்கம் நிறைய இருக்காங்க. ஈரோடு பக்கம் அறச்சலூர்ல இசை எழுத்துகள் பொறிச்ச தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கு, தெரிஞ்சிருக்கும். இந்த மாதிரி வேலையில சின்ன சென்சாருக்கு ஒரு வசதி இருக்கு. பாறை சமதளமா இருக்காது, ஒரு எழுத்து முன்னால இருக்கும், இன்னொண்ணு ரெண்டு இன்ச் உள்ள போயிருக்கும். எல்லாம் ஃபோகஸ்ல வரணும். டி700-ல அதுக்கு எஃப் 11 வைக்கணும். ஆர்எக்ஸ்100-ல எஃப் 4 வெச்சாலே அதே ஆழம் கிடைச்சுடும். எஃப் 11-க்குப் போனா ஏக்கர் களத்து மேல நாமளே நிழல் வலை கட்டின மாதிரி, பெரிய சென்சாரோட அனுகூலமெல்லாம் அங்கயே கரைஞ்சு போயிடும். டிரைபாட் வெச்சு ஷட்டரை மெதுவா விட்டா மட்டும் பெருசு மறுபடி ஜெயிக்கும். குகைக்குள்ள டிரைபாட் நிறுத்த இடம் இருக்கணுமே? இதுல ஒண்ணு சொல்லிடறேன்: எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ், சுண்ணாம்பு எதுவும் தடவாதீங்க. பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு டார்ச் அடிங்க, எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும்.

ஆழம் அதிகம்ங்கற இதே குணம்தான் முகப்படத்துல எதிரா வரும். பின்னால மங்கலாகி முகம் மட்டும் தனியா நிக்கணும்னா 85 எம்எம் எஃப் 1.8 எங்கே, முழு சூம்ல எஃப் 13 மாதிரி நடந்துக்கற இந்த சின்ன லென்ஸ் எங்கே! அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ரேக்ளா வண்டிக்கு யார் காத்திருப்பா?

உடுமலை, பொள்ளாச்சி பக்கம் ரேக்ளா பந்தயம் பார்த்திருப்பீங்க. 200 மீட்டர், 300 மீட்டர்னு ஓட்டம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல ஒரு வண்டி வருதுன்னு வெச்சுக்குவோம். அது ஒரு செகண்டுக்கு 11 மீட்டர். டி700-ல பட்டனை அமுக்கினதுல இருந்து ஷட்டர் திறக்கற வரைக்கும் ஆகற நேரம் 40 மில்லி செகண்ட்னு நிக்கான் சொல்லுது. அந்த நேரத்துல வண்டி அரை மீட்டர்கூட நகராது. சின்ன கேமரா ஃபோகஸ் தேடி, பிடிச்சு, எடுக்கறதுக்கு கால் செகண்ட் எடுத்துக்குதுன்னா வண்டி கிட்டத்தட்ட மூணு மீட்டர் போயிருக்கும். படத்துல மாட்டு வாலும் புழுதியும் இருக்கும்.

இதுக்கு ஒரு வழி இருக்குங்க. வண்டி கடக்கப்போற இடத்துல தரையைப் பார்த்து பட்டனைப் பாதி அமுக்கி ஃபோகஸைப் பூட்டிடணும். வண்டி வந்ததும் மீதிப் பாதி. அப்ப ஆர்எக்ஸ்100-ம் வேகமா வேலை செய்யும். ஆனா ரெண்டாவது பிரச்சினைக்கு வழி இல்லை. அந்த மாடல்ல கண்ணை வெச்சுப் பார்க்கற வியூஃபைண்டர் கிடையாது. பன்னிரண்டு மணி வெயில்ல பின்னாடி இருக்கற திரையில உங்க சட்டைதான் தெரியும். கேமராவை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடற வண்டியோட சேர்த்துத் திருப்பறதும் கஷ்டம். டி700-ஐ நெத்தியில அணைச்சு, முழங்கையை விலாவுல ஊணிட்டா, அந்த ஒரு கிலோ எடையே ஒரு தாங்கல்.

பறவை எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சிங்காநல்லூர் குளத்துல கூழைக்கடாவை ஆர்எக்ஸ்100-ல எடுத்தா வெள்ளையா ஒரு புள்ளி வரும். அதோட முழு சூம் 100 எம்எம்-க்குச் சமம், அவ்வளவுதான். டி700-ம் அதுக்கான பெரிய லென்ஸ் இல்லாம உதவாது. பறவை உங்க ஆசைன்னா இந்த ரெண்டையும் விட்டுட்டு வேற எபிசோடைக் கேளுங்க.

பெரிய கேமரா செய்ய முடியாதது

இதுவரைக்கும் கேட்டா நான் டி700 கட்சி மாதிரி தெரியும். இப்ப மறுபக்கம்.

வீடியோ. டி700-ல வீடியோவே இல்லை. கொஞ்சமாகூட இல்லை. வேடிக்கை என்னன்னா, அது வந்து ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள அதே நிக்கான், வீடியோ எடுக்கற முதல் டிஎஸ்எல்ஆரான டி90-ஐ விட்டுட்டாங்க. இன்னிக்குக் கல்யாணத்துல ஃபோட்டோவுக்கு நிக்கறதைவிட ரீல்ஸுக்கு நிக்கறவங்கதான் அதிகம். ஆர்எக்ஸ்100 ஃபுல் எச்டி எடுக்கும், செகண்டுக்கு 60 ஃபிரேம்ல.

அடுத்தது சத்தம். டி700-ஓட கண்ணாடி மேல போய் கீழ விழற சத்தம் இருக்கே, மங்கல வாழ்த்து பாடறப்ப மூணாவது வரிசையில இருக்கறவங்க திரும்பிப் பார்ப்பாங்க. ஆர்எக்ஸ்100-ல ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கு, எடுத்தது எடுத்தவருக்கே சந்தேகமா இருக்கும்.

மூணாவதை அளக்க முடியாது, ஆனா எனக்கு அதுதான் பெருசு. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில டி700-ஐத் தூக்கினா காங்கயம் காளை வெச்சிருக்கறவர் உடனே துண்டை உதறித் தோள்ல போட்டு, மாட்டையும் நேரா நிறுத்திடுவார். “எந்தப் பேப்பருங்க?”ன்னு கேட்பார். அவர் விறைப்பா நிக்கற அந்தப் படமும் ஒரு படம்தான். ஆனா துண்டுக்கு அடியில விரல் பிடிச்சு விலை பேசறப்ப இருக்கற முகம் அதுல கிடைக்காது. சின்ன கேமராவை யாரும் கண்டுக்கறதில்லை. வீட்ல பாட்டி முறுக்கு சுத்தறது, சித்தப்பா திண்ணையில தூங்கறது, இதெல்லாம் அதுலதான் வரும். சின்னதா இருக்குங்கறதுக்காகக் கேட்காம எடுக்கலாம்னு அர்த்தம் இல்லை. எடுத்துட்டாவது காட்டி, சம்மதம் கேட்டுடணும்.

எடை. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறினவங்களுக்குத் தெரியும், அஞ்சாவது மலையில தண்ணி பாட்டிலே பாரமாத் தெரியும். அங்க 240 கிராம் கேமராவோட நியாயம் தனி.

வித்தாலும் வாங்கினாலும் பார்க்க வேண்டியது

செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ்100 வாங்கறவங்களுக்கு முதல் எச்சரிக்கை தூசி. ஆன் பண்ணா லென்ஸ் வெளிய நீளுது, ஆஃப் பண்ணா உள்ள போகுது. துருத்தி மாதிரி ஒவ்வொரு தடவையும் வெளிக்காத்தை இழுக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி பஞ்சு, பொள்ளாச்சி தேங்காய் நார்த் தூள், சந்தைப் புழுதின்னு நம்ம பக்கம் காத்துல என்னென்ன இருக்குன்னு சொல்லணுமா? உள்ள போன தூசி சென்சார்ல உட்கார்ந்தா படத்துல ஒரே இடத்துல கரும்புள்ளி வரும். லென்ஸைக் கழட்ட முடியாது, மொத்தமாப் பிரிச்சாதான் துடைக்க முடியும். கடையிலயே எஃப் 11 வெச்சு, முழு சூம் பண்ணி, வெள்ளைச் சுவரை எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. லென்ஸ் வெளிய வர்றப்ப திக்குதா, கரகரன்னு சத்தம் வருதான்னு பத்து தடவை ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க. விக்கறவர் முறைச்சா முறைக்கட்டும்.

டி700-ல தூசி பிரச்சினை இல்லைன்னு இல்லை. லென்ஸ் மாத்தறப்ப விழும். ஆனா சென்சாரை ஆட்டி உதற ஏற்பாடு அதுலயே இருக்கு, அதுக்கும் போகலைன்னா திறந்து துடைக்கலாம். அதுல பார்க்க வேண்டியது ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குங்கறது. 1,50,000 வரைக்கும் சோதிச்ச ஷட்டர் அது. எடுத்த படத்தோட ஃபைலுக்குள்ளயே அந்த எண் பதிஞ்சிருக்கும், இணையத்துல இலவசமா படிச்சுச் சொல்ற பக்கங்கள் இருக்கு. ஸ்டூடியோ கேமரான்னா எண் பெருசாத்தான் இருக்கும். ஒண்ணரை லட்சம் தாண்டினா உடனே செத்துடும்னு இல்லை, ஆனா விலை பேசறப்ப அது உங்க கையில இருக்கணும். கைப்பிடி ரப்பர் உப்பி நழுவும், சகஜம். கார்டு சொருகற இடத்துல ஊசி வளைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கணும். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுங்கறதால லேப்டாப்ல நேரா சொருக முடியாது, தனி ரீடர் வேணும். பேட்டரி விஷயத்துல பெரியவர் ஜாம்பவான்: ஒரு சார்ஜுக்கு 1,000 படம்ங்கறது கணக்கு. ஆர்எக்ஸ்100-க்கு 330.

லென்ஸ்ல பூஞ்சை இருக்கான்னும் பாருங்க. கோயம்புத்தூர்ல காத்து வறட்சி, பரவாயில்லை. வால்பாறையில இருக்கறவங்க ஒரு மழைக்காலம் பீரோவுல விட்டாலே சிலந்தி வலை மாதிரி உள்ள படர்ந்துடும். காத்துப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அவ்வளவுதான் செலவு. துணி வெச்ச பீரோதான் கேமராவுக்கு மோசமான இடம்.

செல்ஃபோன் இருக்கறப்ப இதெல்லாம் எதுக்குன்னு கேட்பீங்க. பகல் வெளிச்சத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஃபோனே போதும், நான் சண்டை போட மாட்டேன். சொல்லப்போனா ஆர்எக்ஸ்100-ஓட பாதி வேலையை நல்ல ஃபோன் ஒண்ணு பிடுங்கிக்கிச்சு. டி700-ஓட வேலையை, அதுவும் 85 எம்எம் போட்டு அசையற முகத்தை இருட்டுல எடுக்கறதை, அது இன்னும் பிடுங்கலை. இதை யோசிச்சுப் பார்த்தா தம்பியோட கேள்வியே கொஞ்சம் தலைகீழாத் தெரியும். ஃபோன் கையில இருக்கறவருக்கு எது கூடுதலா எதைத் தருது?

அதனால தம்பி…

விக்காதீங்க. இது பாசத்துல சொல்றது இல்லை. பழைய பாடிக்குக் கிடைக்கற காசு அது செய்யற வேலைக்கு ஈடாகாது. வாங்கறவர் 2008 மாடல்னுதான் விலை போடுவார், விடியக்காலை முகூர்த்தத்துக்கு விலை போட மாட்டார். அந்தக் காசுல வர்ற ஆர்எக்ஸ்100 முதல் மாடல் உங்க தங்கச்சி கல்யாணத்துல ராத்திரி சீருக்குத் திணறும், பகல் விருந்துல உங்க ஃபோன் எடுக்கறதையே எடுக்கும். வீடியோதான் வேணும்னா அதையும் ஃபோன்ல எடுத்துக்கோங்க.

உங்க ஊர்ல உங்க வயசுல இன்னொருத்தர், கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, மலை ஏறணும், சந்தை சுத்தணும், ராவா எடுத்து வேலை செய்யணும்னு கேட்டிருந்தா, அவருக்கு ஆர்எக்ஸ்100-ஐ சந்தோஷமா சொல்லியிருப்பேன். அவருக்கு டி700 வீட்ல கிடக்கற பாறாங்கல்.

தைக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியது சின்னச் சின்ன வேலைதான். ரெண்டு பேட்டரியும் வீங்கியிருக்கான்னு பாருங்க, சார்ஜ் நிக்கலைன்னா மாத்துங்க. கார்டு ரீடர் ஒண்ணு, 16 ஜிபி கார்டு ரெண்டு. கேமராவுல ஒரே ஒரு கார்டு ஸ்லாட்தான், அதனால சீர் முடிஞ்சதும் ஒரு கார்டை மாத்தி அம்மாகிட்ட கொடுத்துடுங்க, எல்லாம் ஒரே கார்டுல இருக்க வேண்டாம். ஐஎஸ்ஓ 3200-க்கு மேல போகாத மாதிரி ஆட்டோவுல ஒரு வரம்பு வெச்சுக்கலாம், மெனுவுல இருக்கு. 50 எம்எம்-ஐ மாட்டியே பழகுங்க, 85-ஐ மேடைக்கு மட்டும். பீரோவுல தேடினா ஃபிலிம் காலத்து நிக்கான் லென்ஸ் இன்னும் ஒண்ணு ரெண்டு கிடைக்கலாம். 1977-க்கு அப்புறம் வந்த ஏஐ வகைன்னா டி700-ல மாட்டும், வெளிச்சமும் அளக்கும், ஃபோகஸ் மட்டும் கையால சுத்தணும்.

அப்புறம், இதையெல்லாம் யார்கிட்ட கத்துக்கறதுன்னு என்கிட்ட கேட்காதீங்க. அந்த ரெண்டு லென்ஸைத் தேர்ந்தெடுத்தவர் உங்க வீட்லயேதான் இருக்கார், முட்டிதான் வலிக்குது. கேமராவை வெளிய எடுத்து அவர் கையில கொடுத்து, “ஃபோகஸ் புள்ளியை எப்படிப்பா நகர்த்தறது?”ன்னு கேளுங்க. வித்துடலாம்னு யோசிச்சதைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

அடுத்த வாரம், சத்தியமங்கலத்துல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க: பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு லென்ஸ் எடுக்கறதா, சொந்தமா வாங்கறதா? அதைப் பேசுவோம். வர்றேனுங்க.